குதிரும் கிடங்கும்
பினாங்கு நகரத் தமிழர் உணவு சேமித்த வரலாறு

‘எங்கள் அப்பன் குதிருக்குள் இல்லை’ என்னும் பழமொழியை அறியாத தமிழர் இலர். கடன்காரனுக்கு அஞ்சித் தந்தை குதிருக்குள் ஒளிந்துகொள்ள, அவனைக் காக்க நினைத்த பிள்ளை வாய்தவறிச் சொன்ன சொல் அது. மறைக்கப் புகுந்து உண்மையை வெளியிட்டுவிடுவோரைச் சுட்டுவதற்கு இதனை எடுத்தாளுகிறோம். வரலாறு கற்பவனுக்கோ இப்பழமொழி வேறு மூன்று செய்திகளையும் சொல்கிறது. கடன்பட்டவன் வீட்டிலும் ஒரு குதிர் இருந்தது. அக்குதிர் ஓர் ஆள் ஒளியும் அளவுக்குப் பெரிது. அவன் ஒளிய முடிந்ததென்றால், அன்று அதில் நெல் இல்லை.

கடல் கடந்து பினாங்குக்கு வந்து ஜார்ஜ்டவுன் நகரில் குடியேறிய தமிழர் வீட்டில் குதிர் இல்லை. அதன் இடத்தை எது பெற்றது? அது போதுமானதாக இருந்ததா? இடுக்கண் வந்த நாளில் என்ன நேர்ந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவது, சிறு வீட்டில் வாழும் இக்காலத்தவர்க்கும் பயன் தரும்.

குதிர் இருந்த வீடு

தமிழ்நாட்டுச் சிற்றூர் வீடுகளுள் பெரும்பாலானவை சிறியவை. ஒரு கூடம், ஓர் அடுப்படி, ஒரு திண்ணை என்ற அளவில் அடங்கியவை. எனினும், அறுவடை முதல் மறு அறுவடை வரை உண்ண வேண்டிய தானியம் அவற்றுள் இடம்பெற்றது. இதனை இயலச் செய்த அறிவு எளியது, ஆயினும் கூர்மையானது. நம் முன்னோர் இடத்தைத் தரையில் தேடவில்லை, உயரத்தில் தேடினர்.

குதிர் என்பது மண்ணால் வனைந்த உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூசியது. அது தரையில் அடைத்துக்கொள்ளும் இடம் சிறிது. கொள்ளும் நெல் மிகுதி. அடியில் கால்களோ கற்களோ இருப்பதால் ஈரமும் கறையானும் எளிதில் அணுகா. மேல்வாய் வழியாக நெல்லைக் கொட்டுவர். கீழே உள்ள சிறு துளையைத் திறந்து எடுப்பர். இந்த அமைப்பின் நுட்பத்தை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. முதலில் இட்ட பழைய நெல்லே முதலில் வெளிவரும். புதியது மேலேயே தங்கும். ஆகவே, எந்த மணியும் அடியிற் கிடந்து மட்கிப் போவதில்லை.

அடுக்குப்பானையும் இவ்வகையினதே. ஒரு பானை வைக்கும் மூலையில் ஐந்தாறு பானைகள் நிற்கும். உத்தரத்திலிருந்து தொங்கும் உறி, எலிக்கும் எறும்புக்கும் எட்டாத உயரத்தைப் பயன்படுத்தியது. அடுப்புக்கு மேலிருந்த பரணில் புகை படிவதால் பூச்சி அண்டாது. விதையும் புளியும் அங்கு இருந்தன. தஞ்சைப் பகுதியில் வசதி படைத்தோர் வீட்டில் மரப்பத்தாயமும், நெல்லை நாட்டில் வைக்கோற்பிரியால் இறுகக் கட்டிய நெற்கோட்டையும் வழக்கில் இருந்தன. சங்கப் பாட்டாகிய பெரும்பாணாற்றுப்படையில், ஏணிக்கும் எட்டாத உயரமுடைய நெற்கூடுகள் பேசப்படுகின்றன. எனவே இவ்வழக்கம் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது எனலாம்.

குதிர் எல்லாத் துன்பத்துக்கும் மருந்தன்று என்பதையும் மறைத்தல் ஆகாது. ஒரு மழை பொய்த்தால் அது காக்கும். தொடர்ந்து பொய்த்தால் காக்காது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது ஆண்டுப் பஞ்சத்தில் ஊர்தோறும் குதிர்கள் வெறுமையாயின. அப்பஞ்சமும் அதன்பின் நிலைத்த வறுமையும் பல்லாயிரவரைக் கப்பலேற்றின. அவர்களுள் ஒரு பகுதியினர் இறங்கிய துறைமுகம் பினாங்கு.

கிடங்கு இருந்த நகரம்

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கைக்கொண்டார். தொடக்கத்திலிருந்தே இத்தீவு தன் உணவைத் தானே விளைவித்துக்கொள்ளவில்லை. அரிசியும் கோழியும் ஆடுமாடுகளும் எதிர்க்கரையிலிருந்த கெடாவிலிருந்து வந்தன. 1800இல் எதிர்க்கரை நிலப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்று ‘வெல்லெஸ்லி மாகாணம்’ எனப் பெயரிட்டதற்கு, உணவு வரத்தை உறுதிசெய்வதும் ஒரு காரணம். 1821இல் சயாமியர் கெடாமீது படையெடுத்தபோது தீவின் உணவு வரத்து குலைந்தது. நகரம் பிறந்து 35 ஆண்டுகளுக்குள் பெற்ற முதற் பாடம் அது.

பின்னர் பர்மாவிலும் சயாமிலும் இந்தோசீனத்திலும் விளைந்த அரிசி கப்பல்களில் வந்து குவிந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு, மலாயா உண்ட அரிசியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே உள்நாட்டில் விளைந்தது. எஞ்சியவை கடல்வழி வந்தவை. நகரத்தின் குதிர், வீட்டை விட்டுத் துறைமுகத்துக்குச் சென்றுவிட்டது. அதற்குக் கிடங்கு என்று பெயர்.

இச்சொல்லின் பயணமும் அறியத்தக்கது. மலாய் மொழியில் ‘குடாங்’ என்றும் ஆங்கிலத்தில் ‘கோடவுன்’ என்றும் வழங்கும் சொற்கள், தமிழ் ‘கிடங்கு’, தெலுங்கு ‘கிடங்கி’ ஆகியவற்றோடு தொடர்புடையவை என்பர் சொல்லாய்வாளர். நகரத்தார் தம் வணிக விடுதியைக் ‘கிட்டங்கி’ என்றனர். இன்று நாமோ ஆங்கிலத்தார் வாயிலிருந்து அதனைத் திரும்பப் பெற்று ‘குடோன்’ என்கிறோம்!

பினாங்கு வீதியிலிருந்த நகரத்தார் கிட்டங்கிகள் சிற்றிட வாழ்வுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு சிறு இடம். அங்கே ஒரு பெட்டகம், ஒரு கணக்குப் பெட்டி. பகலில் அலுவலகம்; இரவில் படுக்கை. சமையலோ பொது. ஆளுக்கொரு மூட்டை அரிசி வைக்க இடமில்லாத இடத்தில், அனைவர்க்கும் பொதுவான உக்கிராணம் ஒன்றிருந்தால் போதும் என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

ஏனைய தமிழர் பலர் கடைவீடுகளில் குடியிருந்தனர். ஜார்ஜ்டவுன் கடைவீடு முகப்பிற் குறுகியது; உள்ளே நீண்டது. முன்னே ஐந்தடி நடைபாதை. நடுவே வானம் பார்த்த முற்றம். கீழே கடை, மேலே குடியிருப்பு. நகரத்தில் மக்கள் பெருகியபோது மாடியைப் பலகைத் தடுப்புகளால் சிற்றறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டனர். ஓரறையில் ஒரு குடும்பம். அடுப்படி பலர்க்கும் பொது. இத்தகைய இடத்தில் குதிரை எங்கே நிறுத்துவது? வாடகைக் குடியிருப்பவனுக்குக் கட்டிலடியே உக்கிராணம். சுவரில் அறைந்த பலகையே பரண்.

இடக்குறையைவிட வலிய காரணம் ஒன்றும் இருந்தது. படியிறங்கினால் கடை. அங்கே மூட்டை மூட்டையாக அரிசி. அன்றன்று வேண்டியதை அன்றன்று வாங்கலாம்; கையிற் காசில்லையெனில் கணக்கில் எழுதச் சொல்லலாம். உழவன் ஆண்டுக்கொரு முறை நெல்லைக் கண்டான், ஆதலால் சேமித்தான். நாட்கூலி பெறும் நகரத்தான் நாள்தோறும் அரிசியைக் கண்டான், ஆதலால் சேமிக்கவில்லை. வீட்டில் இடம் குறைந்ததற்கு முன்பே, சேமிக்கும் வழக்கம் குறைந்துவிட்டது. இதுவே இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் கருத்து.

இதன் ஆபத்து 1919இல் ஒருமுறை தெரிந்தது. சயாமில் விளைச்சல் பொய்த்து ஏற்றுமதி தடுக்கப்பட்டது. பர்மா அரிசியும் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. விலை கட்டுக்கடங்காமல் ஏறியது. அரசினர் அரிசியை வாங்கி நட்டத்துக்கு விற்று நிலைமையைச் சமாளித்தனர். இரண்டோராண்டில் கப்பல்கள் மீண்டும் வந்தன, பாடம் மறந்துபோயிற்று.

ஒன்பது நாள்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினர். 11ஆம் நாள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு பொழிந்தனர். விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவில் கூடிய மக்கள் திரள் திரளாக மாண்டனர். 13ஆம் நாள் இரவு தொடங்கி, ஐரோப்பியர்கள் நகர மக்களைக் கைவிட்டுக் கப்பலேறினர். காவலற்ற நகரத்தில் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. இலங்கைத் தமிழரும் ‘ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியருமான மாணிக்கசோதி சரவணமுத்து, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். ஒழுங்கைக் காக்க நகர மக்கள் அமைத்த குழுவுக்கும் அவரே தலைமை தாங்கினார். 19ஆம் நாள் ஜப்பானியர் நகருக்குள் புகுந்தனர்.

குண்டு விழுந்த நாளையும் பகைவர் புகுந்த நாளையும் சேர்த்து எண்ணினால் ஒன்பது நாள். ஒன்றரை நூற்றாண்டாக நகரத்துக்குச் சோறிட்ட ஏற்பாடு குலைய இந்த ஒன்பது நாள் போதுமாயிற்று. 1942 மார்ச்சில் இரங்கூனும் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. அதே பர்மா அரிசியை நம்பியிருந்த இலங்கையும் திருவிதாங்கூரும் வங்காளமும் பலவாறு அல்லற்பட்டன.

போர் வரும் என்று எதிர்பார்த்து அரசினர் அரிசி இருப்பைப் பெருக்கியிருந்தது உண்மையே. கெடாதிருக்கச் சுண்ணாம்பு கலந்து வைத்த அரிசியும் அதில் இருந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அவ்வரிசியைப் பலமுறை கழுவி உண்ட கதையை அக்காலத்து மக்கள் நினைவுகூர்ந்துள்ளனர். ஆனால் அரசின் இருப்பு, அரசு இருக்கும்வரைதான் மக்களுடையது. ஆட்சி மாறியதும் கிடங்கின் திறவுகோலும் கைமாறியது.

நிலமே குதிர்

ஜப்பானியர் அரிசியைப் பங்கிட்டுக் கொடுத்தனர். அதன் அளவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. 1943 அக்டோபரில் கெடாவையும் வேறு மூன்று மாநிலங்களையும் சயாமுக்கு அளித்தனர். நெல் விளையும் கெடா இவ்வாறு அயல்நாடாயிற்று. எதிர்க்கரைக்கு அப்பால் நெல் இருந்தும், எல்லைக்கோடு குறுக்கே நின்றது. கள்ளவழியில் வந்த அரிசியின் விலை ஏழைக்கு எட்டவில்லை.

அந்நாளில் மக்களைக் காத்தவை மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் கேழ்வரகுமே. இவற்றுள் மரவள்ளியின் இயல்பு நம் பொருளுக்கு மிகவும் நெருக்கமானது. பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். அதனை வீட்டில் வைத்துக் காக்க இயலாது. ஆனால் பிடுங்காத கிழங்கு மண்ணுக்குள் பல திங்கள் கெடாதிருக்கும். வேண்டியபோது வேண்டியதை அகழ்ந்தெடுக்கலாம். ஆகவே, வீட்டில் இடமில்லாதவர்க்கு நிலமே குதிராயிற்று. புழைக்கடை, சாலையோரம், விளையாட்டுத் திடல் என்று மண் கண்ட இடமெல்லாம் மரவள்ளி முளைத்தது. சிற்றறையில் வாழ்ந்த நகரத்தானைவிட, கைப்பிடி மண்ணிருந்த புறநகரத்தான் நன்கு பிழைத்தான்.

பணத்தைச் சேமித்தவர் கதை வேறு. ஜப்பானியர் அச்சிட்ட ‘வாழைமர நோட்டு’ நாளுக்கு நாள் மதிப்பிழந்தது. 1945 செப்டம்பர் 3ஆம் நாள் பிரிட்டிஷ் கடற்படையினர் பினாங்கில் இறங்கினர். அதன்பின் அந்நோட்டுக்கு ஒரு காசு மதிப்பும் இல்லை. பெட்டி நிறையப் பணம் வைத்திருந்தவர் வெறுங்கையராயினர். பெட்டியடியில் அரிசி வைத்திருந்தவரோ, அது தீரும்வரையிலாவது உண்டனர்.

துளையிட்ட தகரம்

போருக்குப் பின்னும் பங்கீடு பல ஆண்டு நீடித்தது. 1948 முதல் 1960 வரை மலாயாவில் நெருக்கடிநிலை நிலவியது. காட்டில் இருந்த கிளர்ச்சியாளர்க்கு உணவு போய்ச் சேராமல் தடுக்க 1951இல் கடுமையான விதிகள் வந்தன. கட்டுப்பாடு விதிக்கப்பட்ட இடங்களில், தகரத்தில் அடைத்த உணவை விற்கும்பொழுதே கடைக்காரர் அதில் துளையிட வேண்டும். துளைபட்ட உணவு நாட்பட நில்லாதல்லவா? 1956இலிருந்து சில பகுதிகளில் பச்சை அரிசி வழங்குவதை நிறுத்திப் பொதுச் சமையற்கூடத்தில் ஆக்கிய சோற்றையே பங்கிட்டனர். நம் நாட்டு வெப்பத்தில் சோறு மறுநாளே புளித்துவிடும்; எனவே ஒளித்து அனுப்ப இயலாது. இவ்வாறு, வீட்டில் உணவு சேர்த்து வைத்தலே ஐயத்துக்குரிய செயலாயிற்று.

இவ்விரு காலங்களும் மக்கள் மனத்தில் ஒரு குழப்பத்தை விட்டுச்சென்றன. சேமிப்பு எது, பதுக்கல் எது என்பதே அது. 1961இல் மலாயாவில் இயற்றப்பட்ட வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டம் வணிகர் பதுக்கலைத் தண்டிக்கிறது. அறநோக்கில் கண்டால் வேறுபாடு தெளிவு. பொருள் மலிந்த காலத்தில், தன் வீட்டார் உண்ணும் அளவை, சிறிது சிறிதாகச் சேர்ப்பது சேமிப்பு. அது யார் பங்கையும் குறைப்பதில்லை. தட்டுப்பாடு வந்தபின், பிறர் வாய்க்குரியதை அள்ளிக் குவிப்பது பதுக்கல். இரண்டையும் பிரிப்பது அளவு மட்டுமன்று, காலமும் ஆகும். முன்னரே சேமித்தவன், தட்டுப்பாட்டு நாளில் கடைவாசலில் நிற்க வேண்டுவதில்லை. இல்லாதவனுக்கு அவன் இடம் விடுகிறான்.

எதனைச் சேமிப்பது?

இதிலும் மலாயாத் தமிழர் வரலாறு ஒரு செய்தி தருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிபெரி என்னும் நோய் மலாயாவில் பலரைக் கொன்றது. தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளரிடையே அது மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே அரிதாக இருந்தது. இதனை மருத்துவர் பிராடன் 1907இல் எடுத்துக்காட்டினார். கோலாலம்பூர் மனநல விடுதியில் பிளெட்சரும், பின்னர் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவரும் நடத்திய ஆய்வுகள் அதனை உறுதி செய்தன. நெல்லைப் புழுக்கும்பொழுது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்து மணிக்குள் இறங்கிவிடுகிறது; தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. மணியும் கெட்டிப்படுகிறது. நோய்க்குக் காரணம் உயிர்ச்சத்துக் குறைவே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நெடுநாள் அரிசியை மட்டுமே நம்பியிருக்க நேரிடும் வீட்டுக்குப் புழுங்கலரிசியும், அதனோடு பருப்பும் பயறும் ஏற்றவை என்பதற்கு இது சான்று. பல ஆண்டு கெடாத கேழ்வரகும் அவற்றோடு இடம்பெறத்தக்கது.

இரண்டு சதுர அடி

இன்றைய பினாங்குத் தமிழர் பலர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். 1960களின் இறுதியில் எழுந்த ரைபிள் ரேஞ்சு குடியிருப்பு, நகரத்தின் குறைந்த விலை அடுக்குமாடிகளுள் முன்னோடி. இத்தகைய வீட்டில் உணவு சேமிக்க இடம் ஏது என்று கேட்போர் உளர். கணக்கிட்டுப் பார்ப்போம்.

நம் பாட்டிமார் அரிசி வைக்கப் பயன்படுத்திய மண்ணெண்ணெய்த் தகரம் நான்கு காலன் கொள்ளும். மலாயாவில் வழங்கிய ‘கந்தாங்’ அளவில் அது நான்கு கந்தாங். இக்கால அளவில் ஏறக்குறைய 18 லிட்டர். அதில் 14 கிலோ அரிசி அடங்கும். ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் கிலோ எனக் கொண்டால், நால்வர் உள்ள வீட்டுக்கு இரண்டு வாரம். மூன்று தகரம் ஆறு வாரத்துக்குப் போதும். அம்மூன்றும் நிற்க வேண்டிய தரை, ஏறக்குறைய இரண்டு சதுர அடி! கட்டிலடியிலோ அலமாரியின் உச்சியிலோ இவ்விடம் இல்லாத வீடு அரிது.

ஒரே நாளில் வாங்கப் பணமில்லையே என்பார்க்கு நம் மரபிலேயே வழியுண்டு. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைக்கும் பிடியரிசி வழக்கம் நாம் அறிந்ததே. வேளைக்கொரு பிடியாக நாளைக்கு இரண்டு பிடி வைத்தாலும் திங்களுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ சேரும். ஏழு திங்களில் ஒரு தகரம் நிறையும். குதிரின் இன்னொரு பாடத்தையும் மறவாதிருத்தல் வேண்டும். பழையதை முன்னே எடுத்து, புதியதைப் பின்னே இடுக. உண்ணாமல் பூட்டி வைத்த அரிசி வண்டுக்கே உணவாகும்.

எங்கே வைப்பது என்பதையும் அண்மைக்கால நிகழ்ச்சிகள் கற்பித்துள்ளன. 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கின் தாழ்ந்த பகுதிகளில் தரைமட்டத்தில் இருந்தவை நீரில் மூழ்கின. குதிருக்குக் கால் வைத்தவர் அறிவு அப்போது விளங்கியது. 2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கடைகளில் மக்கள் முண்டியடித்தனர். 2023 ஜூலையில் இந்தியா வெள்ளையரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. அவ்வாண்டே மலேசியக் கடைகளில் உள்நாட்டு அரிசி அரிதாயிற்று. 1821, 1919, 1941, 2023 என ஆண்டுகள் மாறினும் செய்தி ஒன்றே. அரிசி கடல் கடந்தோ எல்லை கடந்தோ வரும் நகரத்தில், வரும் வழி அடைபடும் நாள் முன்னறிவிப்பின்றி வரும்.

மலாய் மொழியினர் குளிர்பதனப் பெட்டியைப் ‘பெத்தி செஜுக்’ என்பர். அதிலுள்ள ‘பெத்தி’ நம் ‘பெட்டி’யே. மின்சாரம் உள்ளவரை அது நல்ல பெட்டி. மின்சாரம் நின்ற நாளிலும் சோறிடுவது, குதிரின் வழிவந்த அந்த மூன்று தகரங்களே. தமிழாசிரியர்கள் குதிர், பத்தாயம், உறி, பரண், பிடியரிசி என்னும் சொற்களை வகுப்பில் அருஞ்சொற்பொருளாக மட்டும் சொல்லிச் செல்லாமல், அவற்றின் பயனையும் விளக்குவார்களாக. சொல்லை அறிந்த மாணவன், அதன் பயனையும் அறிந்து வீடு திரும்பினால், அவன் வீட்டில் இரண்டு சதுர அடி இடம் தானே பிறக்கும்.